புதிதாகப் பணியேற்ற கால்நடை மருத்துவருக்கு மூத்தவர் துணை நிற்பது எப்படி?

இந்தியாவில் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு ஐந்தரை ஆண்டுகள் நடக்கிறது. அதில் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி. அந்தப் பயிற்சியின்போது மாணவர் எந்த மாட்டின் மீது கை வைத்தாலும் பின்னால் ஒரு பேராசிரியர் நிற்பார், பக்கத்தில் வகுப்புத் தோழர்கள் இருப்பார்கள், ஆய்வகமும் ஸ்கேன் கருவியும் கூப்பிடு தூரத்தில் இருக்கும். பட்டம் பெற்று, மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு செய்து, ஒரு கிராமக் கால்நடை மருந்தகத்தில் உதவி மருத்துவராகப் பொறுப்பேற்ற மறுநாளே இவற்றில் எதுவும் அவரிடம் இருப்பதில்லை. உதவி இயக்குநர் கோட்டத் தலைமையிடத்தில் இருப்பார். பக்கத்து மருந்தகத்து மருத்துவர் சில கிராமங்கள் தள்ளி இருப்பார். வாசலில் ஒரு கறவை மாடும், அதை நம்பிப் பால் ஊற்றிக் குடும்பம் நடத்தும் ஒருவரும் நிற்பார்கள்.

அந்த இளம் மருத்துவருக்குப் பாடம் தெரியவில்லை என்று மூத்தவர்கள் பலர் குறைப்பட்டுக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். நான் அதை ஏற்பதில்லை. ஈன்ற மாடு இரத்தத்தில் கால்சியம் குறைந்து படுத்துவிடும் பால் காய்ச்சலுக்கு எவ்வளவு கால்சியம் ஏற்ற வேண்டும் என்று கேட்டால் அவர் நம்மைவிட வேகமாகச் சொல்வார். தனியாக ஒரு முடிவை எடுத்து, அதை மாட்டுக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லி, அதன் விளைவு எதுவானாலும் மறுநாள் அதே ஊருக்குள் போய் நிற்கும் பழக்கம்தான் அவரிடம் இன்னும் வரவில்லை. ஆகவே மூத்தவர் செய்ய வேண்டிய வேலை, முடிவெடுக்கும் பொறுப்பை அளந்து அளந்து அவர் கையில் கொடுப்பதும், முடிவெடுக்கும் அந்த நேரத்தில் அவருக்கு எட்டும் இடத்தில் இருப்பதும்தான். இந்த வழிகாட்டி, அரசு மருந்தகத்திலோ தனியார் மருத்துவமனையிலோ ஓர் இளையவருக்குத் துணை நிற்க முன்வந்திருக்கும் மூத்த மருத்துவர்களுக்காக எழுதப்பட்டது.

முதல் வாரத்திலேயே பேசி முடிக்க வேண்டியவை

"எந்த நேரத்தில் வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டால் போதும் என்று நாம் நினைக்கிறோம். இளையவரோ இரவு பதினொரு மணிக்கு நம் எண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு, இதற்குப் போய் சாரை எழுப்புவதா என்று அரை மணி நேரம் தயங்குவார். அந்த அரை மணி நேரத்தில் கன்று செத்துவிடும். எனவே எந்தெந்த நேரங்களில் அவர் அழைத்தே ஆக வேண்டும் என்பதைப் பெயர் சொல்லி எழுதிக் கொடுத்துவிடுங்கள். கன்று ஈன முடியாத மாட்டில் கைவிட்டு அரை மணி நேரமாகியும் முன்னேற்றம் இல்லை என்றால் அழைக்க வேண்டும். கருப்பை வெளியே தள்ளிய மாடு என்றால், வண்டியை எடுக்கும் முன்பே அழைக்க வேண்டும். காவல் நிலையத்திலிருந்து உடற்கூறாய்வுக்குக் கடிதம் வந்தாலும், வெறிநோய் என்ற சந்தேகம் மனத்தில் எட்டிப் பார்த்தாலும் அழைக்க வேண்டும். இப்படி விதியாக்கிவிட்டால் அழைப்பது அவருடைய பலவீனமாக இல்லாமல் கடமையாக மாறிவிடுகிறது.

அந்தப் பட்டியலில் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய்க்குத் தனி இடம் வேண்டும். நேற்றுவரை நன்றாக மேய்ந்த மாடு திடீரென்று செத்துக் கிடக்கிறது, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருஞ்சிவப்பு இரத்தம் வடிகிறது என்றால், அந்த உடலை அறுக்கக் கூடாது என்பதை அவர் படித்திருப்பார். ஆனால் மாட்டுக்காரரும் ஊர்ப் பெரியவர்களும் சுற்றி நின்று "அறுத்துப் பார்த்துச் சொல்லுங்க" என்று வற்புறுத்தும்போது, படித்ததைச் செயலில் காட்ட ஒரு மூத்த குரல் தொலைபேசியில் தேவைப்படுகிறது. காது நரம்பிலிருந்து ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி எடுப்பது, நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்குத் தகவல் சொல்வது, தோலை உரிக்கவிடாமல் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்கச் செய்வது என்று வரிசைப்படி அவரை நடத்திக் கொண்டு போங்கள்.

இளையவரின் உடல் பாதுகாப்பை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போடாதீர்கள். வெறிநோய்க்கு முன்தடுப்பு ஊசி போட்டுக்கொண்டாரா என்று முதல் நாளே கேளுங்கள். 0, 7 ஆகிய நாள்களிலும், பிறகு 21 அல்லது 28ஆம் நாளிலும் என மூன்று தவணைதான். கல்லூரியில் போட்டிருந்தால் அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். பின்னாளில் கடிபட்டால் எத்தனை ஊசி என்பது அந்தச் சீட்டைப் பொறுத்தது. எச்சில் ஒழுக, தீனி தின்னாமல் நிற்கும் மாட்டைப் பார்த்ததும் தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வெறுங்கையை வாய்க்குள் விடுவது இளையவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் ஆபத்து. அந்த மாடு கத்தும் குரல் மாறியிருக்கிறதா, சில வாரங்களுக்கு முன் ஊரில் நாய் எதையாவது கடித்ததா என்று கேட்ட பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும் என்பதை ஒரு பழக்கமாகவே ஏற்றிவிடுங்கள். நஞ்சுக்கொடி தங்கிய மாட்டில் வெறுங்கையோடு வேலை செய்வதும் அப்படித்தான். அதிலிருந்து தொற்றக்கூடிய கன்று வீச்சு நோய் (புருசெல்லோசிஸ்) மனிதரைப் பிடித்தால் மாதக்கணக்கில் காய்ச்சலும் மூட்டு வலியும் விடாது. கிடேரிக் கன்றுகளுக்கு அந்த நோய்க்கான தடுப்பூசி போடும்போது ஊசி தன் விரலில் குத்திவிட்டால், அது உயிருள்ள கிருமி அடங்கிய தடுப்பூசி என்பதைச் சொல்லி அன்றே மனித மருத்துவரிடம் போக வேண்டும். இவற்றில் மூத்தவர்களே அசட்டையாக இருப்பதை இளையவர்கள் பார்த்துப் பழகுகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. கையுறை அணியாத மூத்தவர், கையுறையைப் பற்றி எவ்வளவு பேசினாலும் பயனில்லை.

இன்னொரு வேலையும் முதல் வாரத்துக்கு உரியது. மருந்தகத்தின் கால்நடை பராமரிப்பு உதவியாளர் அங்கே இருபது ஆண்டுகளாக இருப்பவராக இருக்கலாம். எந்த வீட்டு மாடு உதைக்கும், யார் கடன் சொல்வார்கள், எந்தத் தெருவில் கழிச்சல் தொடங்கியிருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இளையவர் அவரை "அண்ணே" என்று அழைத்து அந்த அறிவைப் பெற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் சிகிச்சையை முடிவு செய்வது மருத்துவர்தான் என்பது இருவருக்கும் தெளிவாக இருக்க வேண்டும். இதை மூத்தவர் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துச் சொல்லிவிடுவது நல்லது. அதேபோல், தனியாக இருக்கும்போது நீங்கள் இளையவரைத் தம்பி என்றோ பெயர் சொல்லியோ அழையுங்கள். மாட்டுக்காரர் முன்னால் "டாக்டர்" என்று மட்டுமே அழையுங்கள். "பெரிய டாக்டர் வரலையா?" என்று கேட்பவரிடம், "இவரும் டாக்டர்தான், இவர் பார்ப்பதும் நான் பார்ப்பதும் ஒன்றுதான்" என்று நீங்கள் ஒருமுறை சொல்வது அந்த ஊரில் அவருக்குப் பல மாதங்களை மிச்சப்படுத்தும்.

பொறுப்பைக் கைமாற்றும் படிகள்

பிரிட்டனில் ராயல் கால்நடை மருத்துவர் கல்லூரி 2021ஆம் ஆண்டு முதல் புதிய பட்டதாரிகளுக்கான ஒரு வழிகாட்டல் திட்டத்தை நடத்துகிறது. பணியிடத்திலேயே பயிற்சி பெற்ற ஒரு மூத்தவர் ஒவ்வொரு புதியவருக்கும் வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். எந்தெந்த வேலையை மேற்பார்வை இன்றி அவரிடம் நம்பி ஒப்படைக்கலாம் என்பதை வேலை வேலையாகப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். நம் ஊருக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது இந்த "வேலை வேலையாக" என்பதுதான். ஆறு மாதம் ஆகிவிட்டது, இனி அவர் எல்லாம் பார்த்துக்கொள்வார் என்று நாள்காட்டியைப் பார்த்து விட்டுவிடுவது நம்மிடம் உள்ள வழக்கம். ஒருவர் சினைப் பரிசோதனையில் இரண்டே மாதத்தில் தேர்ந்துவிடலாம்; அவருக்கே வெள்ளாட்டில் அறுவை செய்து குட்டியை எடுக்க ஓராண்டுக்குப் பிறகும் பக்கத்தில் ஆள் தேவைப்படலாம்.

ஒவ்வொரு வேலைக்கும் நான்கு கட்டங்களை வைத்துக்கொள்ளலாம்: நீங்கள் செய்ய அவர் பார்ப்பது, அவர் செய்ய நீங்கள் பக்கத்தில் நிற்பது, அவர் செய்ய நீங்கள் தொலைபேசியில் இருப்பது, அவர் செய்து முடித்துவிட்டுப் பிறகு சொல்வது. முதல் கட்டத்தை நாம் தேவைக்கு மேல் நீட்டுகிறோம். இரண்டாவதை ஏறத்தாழத் தாண்டியே போய்விடுகிறோம். உண்மையான கற்றல் அந்த இரண்டாம் கட்டத்தில்தான் இருக்கிறது, மூத்தவருக்கு மிகக் கடினமானதும் அதுதான்.

கன்று ஈன முடியாமல் தவிக்கும் ஒரு தலையீற்றுக் கிடேரியை எடுத்துக்கொள்வோம். கொட்டகையில் ஒரே ஒரு விளக்கு. பனிக்குடம் உடைந்து மூன்று மணி நேரமாகிவிட்டது. வாசலில் இரண்டு குளம்புகள் தெரிகின்றன, தலையைக் காணோம். இளையவர் கையில் மசகைப் பூசிக்கொண்டு உள்ளே விடுகிறார். உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடாதீர்கள். "கையில் என்ன தட்டுப்படுகிறது, ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். அவர் பதற்றத்தில் "கால் சார்" என்பார். முன்னங்காலா பின்னங்காலா என்று கேளுங்கள். குளம்பிலிருந்து மேலே போகும்போது முதல் இரண்டு மூட்டுகளும் ஒரே பக்கமாக மடங்கினால் முன்னங்கால், எதிரெதிர்ப் பக்கமாக மடங்கினால் பின்னங்கால் என்பது அவருக்குத் தெரியும். அந்த நிமிடத்தில் அது அவர் நினைவுக்கு வரும்வரை நீங்கள் வாய் மூடி இருக்க வேண்டும். முன்னங்கால்தான் என்றால் கழுத்தைத் தொடர்ந்து போகச் சொல்லுங்கள். தலை ஒரு பக்கமாகத் திரும்பி விலாவை ஒட்டிக் கிடப்பதை அவர் விரல்களே கண்டுபிடிக்கட்டும். குளம்புகளுக்கு நடுவே விரலை அழுத்தினால் கன்று காலை இழுக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உயிர் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே அடுத்த முடிவு.

இந்த இடத்தில் மாடு முக்க, இளையவரின் கை இடுப்பெலும்புக்கு இடையே நசுங்கும். அவர் முகம் சுருங்குவதைப் பார்த்ததும் "நகருங்கள், நான் பார்க்கிறேன்" என்று சொல்ல நமக்கு நா துடிக்கும். அப்படிச் சொல்லாமல், வாலை மேலும் கீழும் ஆட்டி அசையும் மூட்டைக் கண்டுபிடித்து முதுகுத்தண்டில் மரத்துப்போகும் ஊசியைப் போட வேண்டும் என்பதை நினைவூட்டுங்கள். முக்கல் அடங்கினால் கன்றைப் பின்னுக்குத் தள்ளவும் தலையைத் திருப்பவும் இடம் கிடைக்கும். கயிறு கட்டி இழுக்கும் கட்டம் வந்தால், ஊர் ஆட்கள் ஐந்தாறு பேர் கயிற்றைப் பிடிக்க ஓடி வருவார்கள். யார் இழுப்பது, எப்போது இழுப்பது, எப்போது நிறுத்துவது என்று சொல்லும் குரல் இளையவருடையதாகவே இருக்கட்டும். இரண்டு கால்களையும் ஒரே சமமாக இழுக்காமல் மாற்றி மாற்றி இழுத்தால் தோள்கள் ஒவ்வொன்றாக வெளிவரும் என்பதையும், தலை வந்த பிறகு மாட்டின் பின்னங்கால் முட்டியை நோக்கிக் கீழாக இழுக்க வேண்டும் என்பதையும் அவரே அவர்களுக்குச் சொல்லட்டும். நீங்கள் எந்த எல்லையில் கை கொடுப்பீர்கள் என்பதைக் கொட்டகைக்குள் நுழையும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: மாட்டின் உயிருக்கு ஆபத்து வந்தால், அல்லது அவரே கேட்டால். இந்த இரண்டைத் தவிர வேறு எப்போதும் உங்கள் கைகள் பின்னால் கட்டியபடியே இருக்கட்டும்.

தனியார் செல்லப்பிராணி மருத்துவமனைகளில் நடப்பது இதற்கு நேர்மாறான குறை. சென்னை, கோவை போன்ற நகரங்களில் புதிதாகச் சேரும் மருத்துவருக்குத் தடுப்பூசி போடுவது, நகம் வெட்டுவது, சலைன் ஏற்றுவது என்ற மூன்றுமே ஆண்டுக்கணக்கில் வேலையாக இருந்துவிடுவதுண்டு. அறுவை மேசைக்கு அவர் பக்கத்தில் நிற்கலாம், கத்தி மட்டும் கைக்கு வராது. அவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டு எதையும் கற்றுத் தராமல் இருப்பது அநீதி. பெண் நாய்க்குக் கருத்தடை அறுவையை முழுமையாகத் தனித்துச் செய்யும் நிலைக்கு அவர் எந்த மாதத்துக்குள் வர வேண்டும் என்று இருவரும் சேர்ந்து குறித்துக்கொள்ளுங்கள்.

தொலைபேசியில் வழிநடத்துவது

அரசுப் பணியில் வழிகாட்டல் பெரும்பாலும் கைப்பேசி வழியாகவே நடக்கும். "சார், ஒரு மாடு படுத்துவிட்டது, என்ன செய்ய?" என்று தொடங்கும் அழைப்புக்கு நீங்கள் மருந்தின் பெயரைச் சொல்லிவிட்டால், அன்றைய மாடு பிழைக்கலாம், அடுத்த மாட்டுக்கும் அவர் உங்களையே அழைப்பார். எத்தனையாவது ஈற்று, கன்று ஈன்று எத்தனை நாள், வெப்பநிலை என்ன, அசையறை எத்தனை தடவை அசைகிறது, இதயம் எப்படித் துடிக்கிறது, கண் இமையின் உட்புறம் என்ன நிறம், நமக்கு முன்னால் யார் என்ன ஊசி போட்டிருக்கிறார்கள் என்ற வரிசையில் விவரம் சொல்லப் பழக்குங்கள். பிறகு, "நீங்கள் என்னவென்று நினைக்கிறீர்கள், என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொன்னது சரி என்றால் "சரி, செய்யுங்கள்" என்ற இரண்டு சொற்களுக்கு மேல் எதுவும் தேவையில்லை. தன் முடிவு சரியாக இருந்தது என்ற நினைவோடு அவர் வேலைக்குத் திரும்புவார்.

ஈன்று மறுநாள் படுத்துவிட்ட கலப்பினப் பசு, கழுத்தை விலாப் பக்கம் மடித்து, காது சில்லிட்டுக் கிடக்கிறது என்றால் அவரே பால் காய்ச்சல் என்று சொல்லிவிடுவார். அவருக்குத் தேவைப்படுவது வேறு. கால்சியம் பாட்டிலை வெந்நீரில் வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து, மெதுவாக ஏற்றிக்கொண்டே, ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சிலிருந்து எடுக்காமல் கேட்க வேண்டும். பத்துப் பேர் சுற்றி நின்று "சீக்கிரம் ஏத்துங்க டாக்டரய்யா" என்னும்போது பாட்டிலை உயர்த்திப் பிடிக்கத் தோன்றும். துடிப்பு தாறுமாறானால் உடனே நிறுத்த வேண்டும். தொலைபேசியை மாட்டுக்காரர் கையில் கொடுத்து ஒலிபெருக்கியில் வைக்கச் சொல்லி, "துடிப்பு எப்படி இருக்கிறது?" என்று அவ்வப்போது நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தால், அந்தக் கூட்டமும் அமைதியாகும், அவரும் நிதானமாவார்.

மாட்டுக்காரரிடம் பேசுவது

கல்லூரியில் மிகக் குறைவாகக் கற்றுத்தரப்படுவதும், முதல் ஆண்டில் மிக அதிகமாகத் தேவைப்படுவதும் இதுதான். பிழைக்குமா பிழைக்காதா என்று கேட்டால் இளையவர் ஒன்று "பார்த்துக்கலாம்" என்பார், அல்லது பாடப்புத்தகத்தையே ஒப்பிப்பார். நிலைமை என்ன, நாம் என்ன செய்யப் போகிறோம், அதற்கு எவ்வளவு செலவாகும், எதைப் பார்த்தால் மாடு தேறுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம், எது நடந்தால் உடனே அழைக்க வேண்டும் என்ற ஐந்தையும் அவர் தன் சொற்களில் சொல்லிப் பழக வேண்டும். "நாளைக் காலையில் அசை போட ஆரம்பித்தால் நல்லது, இன்று ராத்திரிக்குள் வயிறு இன்னும் உப்பினால் எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள்" என்பது போன்ற ஒரு வாக்கியம், பத்து நிமிட விளக்கத்தைவிட அந்தக் குடும்பத்துக்கு உதவும்.

பணத்தைப் பற்றிப் பேச இளையவர்கள் கூசுகிறார்கள். பார்வோ வைரஸ் தாக்கிய நாய்க்குட்டியைக் கொண்டுவந்த ஒரு கல்லூரி மாணவரிடம், நான்கைந்து நாள் சலைன் ஏற்ற வேண்டும், இவ்வளவு ஆகும், அப்படிச் செய்தும் இழக்க நேரலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவதுதான் கருணை. அவரால் முடியாது என்றால் முடிந்த அளவில் என்ன செய்யலாம் என்ற இரண்டாவது வழியை அவமானப்படுத்தாமல் எடுத்து வைக்க வேண்டும். இந்த உரையாடலை நீங்கள் நடத்தும்போது இளையவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அடுத்த முறை அவர் நடத்த நீங்கள் உட்காருங்கள். கருணைக் கொலைக்கான உரையாடலுக்கும் இதே முறைதான், ஆனால் அதை முதல் சில மாதங்களில் அவர் தனியாகச் சுமக்கும்படி விடாதீர்கள்.

கையெழுத்து

இந்தப் பகுதியைப் படித்துவிட்டுக் கடந்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். காப்பீட்டு மாடு இறந்ததற்கான உடற்கூறாய்வுச் சான்று, ஜல்லிக்கட்டுக் காளைக்கான உடற்தகுதிச் சான்று, கடனுக்கு வாங்கும் மாட்டுக்கான உடல்நலச் சான்று என்று ஒரு கிராம மருத்துவரின் கையெழுத்தைத் தேடிப் பலர் வருவார்கள். மாட்டைப் பார்க்காமலேயே, அல்லது புதைத்த பிறகு வந்து, "சும்மா ஒரு கையெழுத்துதானே, முன்னால இருந்த டாக்டர் போட்டுக் கொடுப்பார்" என்பார்கள். வந்தவர் ஊரில் செல்வாக்குள்ளவராக இருப்பார். இளையவருக்கு அந்த ஊரில் மூன்று வாரப் பழக்கம்தான் இருக்கும்.

பார்க்காத விலங்குக்குச் சான்று இல்லை, காதுவில்லையின் பன்னிரண்டு இலக்கங்களையும் தானே படித்துச் சரிபார்க்காமல் சான்று இல்லை, பார்த்ததற்கு மேல் ஒரு சொல்லும் சான்றில் இல்லை என்ற மூன்றையும் அவர் மனத்தில் பதிய வையுங்கள். இறந்த மாட்டின் காதுவில்லையோடு தலை தெரியும்படியான புகைப்படத்தையும், உறுப்புகளில் கண்டதை அங்கேயே எழுதிய குறிப்பையும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கொள்கையைச் சொல்வதோடு நிற்காமல் ஒரு கேடயத்தையும் கொடுங்கள்: "சீனியரைக் கேட்காமல் நான் எழுத முடியாது, அவரிடம் நீங்களே பேசுங்கள்" என்று சொல்லி உங்கள் எண்ணைக் கொடுக்க அவருக்கு அனுமதி அளியுங்கள். வந்தவரின் கோபம் உங்கள் மீது திரும்பட்டும். அதைத் தாங்கும் வயதும் அனுபவமும் உங்களிடம்தான் இருக்கின்றன. முதல் தவறான கையெழுத்தைப் போட்டுவிட்டவரை இரண்டாவதுக்கு யாரும் கெஞ்சுவதில்லை, மிரட்டத் தொடங்கிவிடுவார்கள்.

மருந்துப் பழக்கம்

இளையவர் உங்கள் மருந்துச் சீட்டைப் பார்த்தே எழுதப் பழகுவார். எல்லாக் காய்ச்சலுக்கும் ஓர் ஆன்டிபயாடிக், ஒரு வலிநிவாரணி, ஒரு சத்து ஊசி என்று மூன்றும் சேர்ந்தே உங்கள் கையிலிருந்து போனால், அவர் கையிலிருந்தும் அப்படியே போகும். ஒவ்வொரு மருந்துக்கும் ஏன் என்று அவர் உங்களைக் கேட்கலாம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். மடிநோய்க்கு மருந்து ஏற்றிய மாட்டின் பாலை எத்தனை நாள் ஊற்றக் கூடாது என்பதைச் சீட்டிலேயே எழுதும் பழக்கம் முதல் நாளிலிருந்து வர வேண்டும். வலிநிவாரணிகளைப் பொறுத்தவரை, கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக் 2006ஆம் ஆண்டிலும், கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகியவை 2023ஆம் ஆண்டிலும் இந்தியாவில் தடை செய்யப்பட்டன. இந்த மருந்துகள் ஏற்றிய மாடு செத்து அதைத் தின்னும் பாறு கழுகுகள் சிறுநீரகம் பழுதாகி மடிகின்றன. நீலகிரியின் மோயாறுப் பள்ளத்தாக்கில் இன்னும் கூடு கட்டும் கழுகுகளின் உயிர், சுற்றுவட்டார மருத்துவர்கள் கழுகுகளுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகாம் என்ற வலிநிவாரணியை எழுதுகிறார்களா என்பதையும் பொறுத்தது என்று சொல்லிக் கொடுத்தால் அவர் மறக்க மாட்டார்.

வாரம் ஒரு மணி நேரம்

அவசரத்துக்குப் பேசுவது வேறு, உட்கார்ந்து பேசுவது வேறு. வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, அதை வேறு எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். நேரில் முடியாவிட்டால் தொலைபேசியில் போதும். அதற்கு அவர் ஒரு குறிப்பேடு வைத்திருக்க வேண்டும். நான் என்ன நினைத்தேன், என்ன செய்தேன், மூன்றாம் நாள் என்ன ஆனது என்ற மூன்று பத்திகள் போதும். அந்த மூன்றாவது பத்திதான் முக்கியமானது. குணமான மாட்டை யாரும் மறுபடியும் மருந்தகத்துக்கு ஓட்டி வருவதில்லை; குணமாகாததுதான் திரும்பி வரும். இதனால் இளம் மருத்துவர் தன் தோல்விகளை மட்டுமே பார்த்து, தனக்கு எதுவும் வரவில்லை என்று நம்பத் தொடங்குகிறார். மூன்றாம் நாள் மாட்டுக்காரருக்குத் தானே அழைத்து விசாரிக்கும் பழக்கம் இந்தக் குறையைப் போக்கும். ஊரில் அவருக்கு நல்ல பெயரையும் தேடித் தரும்.

அவர் பார்த்த விலங்கு இறந்துபோனால், அந்த வாரத்துப் பேச்சு அதைப் பற்றியதாகவே இருக்கட்டும். "விடுங்க, எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்று உடனே ஆறுதல் சொல்வது, அவர் சொல்ல வந்ததை வாயோடு அடைத்துவிடும். முதலில் நடந்ததை நேர வரிசையில் சொல்லச் சொல்லுங்கள். அந்தந்த நேரத்தில் அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்று கேளுங்கள். பிறகு தெரிய வந்ததை வைத்து முன்னால் எடுத்த முடிவை எடை போடக் கூடாது. முடிவு சரியாக இருந்தும் மாடு இறந்திருக்கலாம், முடிவு தவறாக இருந்தும் மாடு பிழைத்திருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றவர் மனம் உடையாமல் நீண்ட காலம் வேலை செய்வார். தவறு நடந்திருந்தால் அதைத் தவறு என்றே சொல்லுங்கள், அடுத்த முறை எந்த இடத்தில் வேறு மாதிரி செய்வது என்பதோடு சேர்த்துச் சொல்லுங்கள். உதவியாளர் முன்னாலோ வாட்ஸ்அப் குழுவிலோ இதை ஒருபோதும் பேசக் கூடாது.

மனமும் உடலும்

கால்நடை மருத்துவர்களிடையே தற்கொலை பொதுமக்களைவிட அதிகம் என்பதைப் பிரிட்டன், அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளில் நடந்த ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. நம் ஊரில் இதைப் பற்றிப் பேசுவதே குறைவு என்பதால், மூத்தவர் கண் திறந்து பார்க்க வேண்டும். வேலையை ஒழுங்காகச் செய்தவர் திடீரென்று அழைப்புகளை எடுக்காமல் போவது, ஒரு மரணத்தைப் பற்றி வாரக்கணக்கில் பேசிக்கொண்டே இருப்பது, விடுமுறை எடுக்கவே பயப்படுவது ஆகியவற்றைப் பார்த்தால் சுற்றி வளைக்காமல் நேராகக் கேளுங்கள். உயிரை விடும் எண்ணம் வருகிறதா என்று கேட்பதால் அந்த எண்ணம் உருவாகிவிடாது; கேட்டதற்காகவே பலர் மனம் திறப்பார்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) தமிழிலேயே பேசலாம் என்பதைச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் நீங்களே உடன் சென்று மருத்துவரைப் பார்க்க வையுங்கள்.

இரவு அழைப்புகளுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். யார் வீடு, எந்த ஊர், எந்த எண் என்பதை உதவியாளருக்கோ வீட்டாருக்கோ சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். தெரியாத இடத்துக்குத் தனியாகப் போக வேண்டியதில்லை என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது விதியாகட்டும். பெண் மருத்துவர் வந்து இறங்கியதும் "ஆம்பளை டாக்டர் இல்லையா?" என்ற கேள்வி இன்னும் கேட்கிறது. அந்தக் கேள்வியைச் சிரித்துக் கடந்துவிடும்படி அவரிடம் சொல்லாதீர்கள்; பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். குட்டி ஈன முடியாத ஆட்டில் மெலிந்த கைதான் வேலைக்கு உதவும் என்பதை அந்த ஊர் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் கேள்வி தானாகக் குறையும்.

உங்களுக்கு முறைப்படி யாரும் இளையவரை ஒப்படைக்கவில்லை என்றாலும் காத்திருக்க வேண்டாம். பக்கத்து மருந்தகத்தில் புதியவர் சேர்ந்திருக்கிறார் என்று தெரிந்தால், அடுத்த தடுப்பூசி முகாமில் நீங்களே போய் அறிமுகமாகி எண்ணைக் கொடுங்கள். முதல் அழைப்பை நீங்கள் செய்யுங்கள். ஓராண்டு நெருங்கும்போது, உங்கள் மருந்தகத்தில் தீராத ஒரு மாட்டை அவரிடம் விவரித்து அவர் கருத்தைக் கேளுங்கள். புதிய பாடத்திட்டத்தில் படித்தவர் என்பதால் உங்களுக்குத் தெரியாத ஒன்றை அவர் சொல்லக்கூடும்; அதை ஏற்றுச் செய்துவிட்டு, என்ன ஆனது என்று மூன்றாம் நாள் அவருக்குத் தெரிவியுங்கள். அதன் பிறகு வரும் ஆண்டில் உள்ளுறைப் பயிற்சி மாணவர் யாராவது உங்களிடம் வந்தால், சில நாள்களுக்கு அவரிடம் அனுப்பி வையுங்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பது எவ்வளவு கடினம் என்பதை அவரே உங்களிடம் வந்து சொல்வார்.